காருக்குள் அக்கா

எங்கள் குடும்பத்தில் எந்த விஷயத்திலும் இரண்டு பேர் ஒத்துப்போனதாகச் சரித்திரம் கிடையாது. குழம்புக்குப் புளி போதுமா என்பதிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பிப் போவதா, கண்டியிலேயே இருந்துவிடுவதா என்பது வரை எல்லாவற்றுக்கும் சண்டைதான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது நான் போட்டோப் பெட்டியின் சாவியைத் திருப்ப மறந்துவிட்டேன், அதனால் என் அக்காவின் கல்யாணம் நிற்கப் பார்த்தது என்பதுதான் அது.

அதற்குப் பிறகு எனக்கு ஏற்பட்ட கதி என்னவென்றால், வீட்டில் எது தவறினாலும் "சாவியத் திருப்பினியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். பால் பொங்கினாலும் அதே கேள்வி, குடை தொலைந்தாலும் அதே கேள்வி. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளும் அதே கேள்வியைக் கேட்கப் பழகிக்கொண்டார்கள். இன்றைக்கும் வெளியே கிளம்பினால் வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் எனக்குப் படி இறங்க வராது.

இதற்கெல்லாம் காரணம் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கண்டியில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் கிளார்க். மாமியும் பிள்ளைகளும் இந்தியாவில் ஊரோடு இருந்தார்கள். மாமா எங்களோடு இருந்தார். நாங்கள் இருந்தது அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில். ஜன்னலைத் திறந்தால் கீழே கடைத்தெரு. மாமாவுக்கு இரண்டு பைத்தியம் இருந்தது. ஒன்று கார், மற்றது போட்டோ. கார் வாங்க ஏழு ஜென்மம் எடுத்தாலும் முடியாது என்று தெரிந்துகொண்டதால், கண்ணில் படுகிற கார்களையெல்லாம் படம் பிடித்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை ஆபீசில் விட்டுப்போன பழைய போட்டோப் பெட்டி எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தது. கறுப்புத் தோல் ஒட்டிய சதுரப் பெட்டி. முன்னால் ஒரு கண். பின்னால் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்ன வட்டம். பக்கத்தில் ஒரு சாவி. ஒரு சுருள் பிலிமில் எட்டுப் படம் எடுக்கலாம். ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் சாவியைத் திருப்ப வேண்டும். உள்ளே பிலிம் நகர்ந்து சிவப்பு வட்டத்தில் அடுத்த நம்பர் வந்து நிற்கும். திருப்பாமல் விட்டால் அடுத்த படமும் அதே இடத்தில் விழுந்து இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். சாவி திருப்புகிற அந்தப் பொறுப்பை மாமா என்னிடம் கொடுத்திருந்தார். வகுப்பில் நான் முதலாவதாக வந்ததைவிட அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை ரோட்டில் போய் நிற்போம். நுவரெலியாவுக்குப் போகிற துரைமார்களின் கார்கள் அங்கே நிழலில் நிற்கும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் குப்புறப் படுத்து, சக்கரம் பெரிதாகத் தெரிகிற மாதிரி படம் எடுப்பார். போகிறவர்கள் யாரோ அடிபட்டுக் கிடக்கிறார் என்று ஓடி வருவார்கள். மனிதர்களை அவர் படம் எடுப்பதே இல்லை. கேட்டால், "மனுசன் அசைவான், கண்ணச் சிமிட்டுவான், அப்புறம் படத்தப் பாத்துட்டு நான் இப்படியா இருக்கேன்னு சண்டைக்கு வருவான். காருக்கு அந்த வம்பெல்லாம் இல்ல" என்பார்.

வீட்டில் மாமாவின் கார்ப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் அக்காதான். அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது. பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். மேல்மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சத்தத்தை வைத்தே இன்ன கார் வருகிறது என்று சொல்லிவிடுவாள். மாமா மாவுச் சல்லடையைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் வளைத்து ஏதோ சொல்லிக் கொடுப்பார். எனக்கு விளையாட்டுக் காட்டத்தான் செய்கிறார் என்று நான் கை தட்டுவேன். அக்காவுக்கு இன்னொரு பழக்கம், உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. வலது கால் அழுத்தும், இடது கால் தூக்கும். "பொம்பளப் புள்ளைக்கு என்னடி இது கால ஆட்டிக்கிட்டு?" என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பார்.

அந்த வருஷம் கார்த்திகை மாதத்தில் அக்காவுக்கு மாத்தளையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெரிய மீசை, பெரிய வயிறு, சின்னக் குரல். பெண்ணை வந்து பார்த்துச் சரி என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இங்கே எதைப் பேசி முடித்தாலும் இந்தியாவில், ஊரில் இருக்கிற மூத்தவர் தலையசைத்தால்தான் நாள் குறிப்பார்கள். மாப்பிள்ளையின் தாத்தா ஊரில் இருந்தார். அவர் கப்பலேறி வரமாட்டார். அதனால் பெண்ணின் போட்டோ தபாலில் போக வேண்டும்.

கண்டியில் ஸ்டூடியோ இருந்தது. ஆனால் கல்யாணமாகாத பெண்ணைக் கடைத்தெரு வழியாக அங்கே கூட்டிக்கொண்டு போவதா என்று அப்பா தயங்கினார். வீட்டிலேயே ஒரு போட்டோக்காரன் சோறு தின்றுகொண்டு இருக்கிறானே என்று அம்மா மாமாவைக் காட்டினார். மாமா வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொண்டார்.

மாட்டுப் பொங்கலன்று கடை அடைப்பு. காலையிலேயே அக்காவை நீலப் பட்டுக் கட்டவைத்து, கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். சுற்றிலும் உயரமான சுவர். பனி இன்னும் விலகவில்லை. அக்கா மடியில் கை வைத்துக்கொண்டு, சாமி படம் மாதிரி அசையாமல் இருந்தாள். மாமா பெட்டியின் விசையைத் தட்டினார். ஏற்கெனவே நாலு கார்ப் படம் எடுத்திருந்த சுருள் அது, அக்கா ஐந்தாவது. நான் சாவியைத் திருப்பினேன். சிவப்பு வட்டத்தில் ஆறு வந்தது. "வந்துச்சா?" என்றார் மாமா. "வந்துச்சு மாமா" என்றேன்.

பிறகு எல்லாருமாகப் பஸ் ஏறிப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போனோம். அக்கா அதே நீலப் பட்டோடுதான் வந்தாள். அம்மா ஒரு பெரிய மரத்தடியில் பாயை விரித்துப் புளிச்சோற்று மூட்டையைப் பிரித்தார். சாப்பிட்டதும் அப்பா குறட்டை விட ஆரம்பித்தார். மாமா என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். அங்கே ஒரு கார் நின்றது. கரும்பச்சை நிறம். ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரையின் கார். துரையும் துரைசானியும் உள்ளே மரம் பார்க்கப் போயிருந்தார்கள். டிரைவர் தொப்பியும் காக்கிச் சட்டையும் போட்ட இளவட்டம். கம்பெனிக்கு வந்து போகிறவர் என்பதால் மாமாவுக்குப் பழக்கம். தன்னையும் காரோடு சேர்த்து எடுத்து ஒரு பிரதி தந்தால் போதும், எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்.

மாமா இரண்டு மூன்று இடத்தில் நின்று பார்த்தார். பிறகு என்னிடம், "வெயில் கண்ணுல அடிக்குது. ஓடிப்போயி அம்மாகிட்ட குடைய வாங்கிட்டு வா" என்றார். ஓடினேன். அம்மா குடையைத் தேடி எடுத்துக் கொடுத்து, நான் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றபோது, "மேகம் வந்துருச்சு, எடுத்துட்டேன். சாவியத் திருப்பு" என்றார் மாமா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் இல்லாமல் எடுத்த முதல் படம் அது. திருப்பினேன், ஏழு வந்தது. அக்கா தள்ளி ஒரு மரத்தடியில் நின்று தன் உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வாசம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று கையை மூடிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்தால், மாப்பிள்ளையின் அப்பா, அந்த மாத்தளைக்காரர், கதிரையில் உட்கார்ந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். போட்டோவை வாங்கித் தபாலில் சேர்க்கத்தான் வந்திருந்தார். அப்பா அவருக்கு ஊர்க் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, ஸ்டூடியோக்காரர் தாமே கவரை எடுத்துக்கொண்டு வந்தார். முஸ்லிம் பெரியவர், மாமாவின் சுருள்களையெல்லாம் கழுவிக் கொடுப்பவர்.

"ஏழு படம் நல்லா வந்தீக்கி முதலாளி. ஒண்டுதான் வரல்ல" என்று சொல்லிவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் அவசரமாகப் போய்விட்டார்.

துணி அளக்கிற மேசையில் அப்பா படங்களை ஒவ்வொன்றாக வைத்தார். கார். கார். கார். கார். "நம்ம மச்சினனுக்கு இதுல ஒரு பிரியம்" என்று அசட்டுச் சிரிப்போடு மாத்தளைக்காரரைப் பார்த்தார். அடுத்த படத்தை வைத்தார். அதுவும் கார்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா கையில் வைத்திருந்த கஜக்கோல் கீழே விழுந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். பேராதனையில் நின்ற அதே கார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் டிரைவர் விறைப்பாக நிற்கிறார். காருக்குள், கண்ணாடிக்குப் பின்னால், அக்காவின் முகம். முகத்தின் மேலெல்லாம் இலைகள். மரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அந்தக் காரில் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். நான் கூடவே இருந்தேனே! மரத்தடியில் நின்றவள் காருக்குள் எப்படிப் போனாள்? ஒரே சமயத்தில் இரண்டு அக்கா இருந்தார்களா? பேய் என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. அதைவிடப் பயங்கரமான ஏதோ ஒன்று கடைக்குள் வந்து நிற்கிறது என்பது மட்டும் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

மாத்தளைக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். படத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம பொண்ணுதானே தம்பி?" என்றார்.

அப்பா குனிந்து கஜக்கோலை எடுத்தார்.

"காரு யாரோடது?"

அப்பா கஜக்கோலை மேசை ஓரத்தோடு ஒட்டி வைத்தார்.

"தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறானே, இவன் யாரு?"

அவருடைய சின்னக் குரல் இன்னும் சின்னதாகிப்போயிருந்தது. கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது. நான்தான் கத்தினேன். "அக்கா கார்ல ஏறவே இல்ல! நானும் கூடத்தான் இருந்தேன்!"

"பின்ன இதுக்குள்ள இருக்கிறது யாரு புள்ள?" என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. அம்மா பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அக்கா. அவளுக்கு அங்கிருந்து படம் தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா கடைக் கணக்கப்பிள்ளையை அனுப்பி மாமாவை ஆபீசிலிருந்து கூட்டிவரச் சொன்னார். சேலை வாங்க வந்த இரண்டு பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, பேசாமல் திரும்பிப் போனார்கள்.

மாமா வேர்க்க விறுவிறுக்க வந்தார். படத்தைக் கையில் வாங்கினார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "மொத்தம் எத்தனை படம் வந்துச்சு?" என்று கேட்டார்.

"ஏழு. ஒண்ணு வரலையாம். இப்ப அதுவா முக்கியம்?" என்றார் அப்பா.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். குனிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி சின்னவளே, வீட்டுல அக்காவ எடுத்தோமே, அப்ப சாவியத் திருப்பினியா?"

"திருப்பினேன் மாமா. ஆறு வந்துச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆறு வந்துச்சா, இல்ல அஞ்சையே பாத்துட்டுச் சும்மா இருந்துட்டியா?"

"ஆறு வந்துச்சு. நீங்ககூடக் கேட்டீங்களே..."

"நான் கேட்டேன். நீ பாத்தியா?"

அவர் என்னிடம் அதற்கு முன்னால் அப்படிப் பேசியதே இல்லை. தோளில் அவர் விரல்கள் அழுந்தின. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆறு என்ற நம்பரை நான் உண்மையிலேயே பார்த்தேனா? யோசிக்க யோசிக்க அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் ஒன்றுமே தெரியவில்லை.

"தெரியல" என்றேன்.

மாமா படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அவ்வளவுதான் அத்தான்! இவ திருப்பல. காலையில முத்தத்துல எடுத்த படமும், மத்தியானம் எடுத்த காரும் ஒரே எடத்துல விழுந்திருக்கு. ஒரு படம் வரலன்னு சொன்னாரே, அது இதுக்குள்ளதான் இருக்கு. பாருங்க, முகத்துக்கு மேல எல எலையா இருக்கா இல்லையா? நெசமா ஒரு ஆளு கார்ல இருந்தா மூஞ்சியில எல எப்படி முளைக்கும்?"

அம்மா படியிறங்கி வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். ஒரு பெண்ணின் வாழ்க்கையையே குட்டிச்சுவராக்கப் பார்த்தாயே என்று அழுதார். அப்பா அந்தப் படத்தை வாங்கிச் சாம்பிராணிச் சட்டியின் நெருப்பில் போட்டார். அது சுருண்டு கறுத்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாத்தளைக்காரர் அவ்வளவு சுலபமாக மசிகிறவர் இல்லை. "படத்து மேல படம் விழுமா? எனக்கு என்ன காதுல பூ வச்சிருக்கா?" என்றார். மாமா உடனே மாடிக்கு ஓடிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவரையே கடை வாசலில், நல்ல வெயிலில் கதிரை போட்டு உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார். சாவியைத் தொடவில்லை. "பாத்துக்கங்க, திருப்பல" என்று எல்லாருக்கும் காட்டினார். பிறகு தெருக்கோடியில் நின்ற ஒரு டாக்டரின் காரை எடுத்தார். அதை எடுப்பதற்குள் நாலு தடவை இடம் மாறி நின்றார். இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறவர் ஏன் இப்படித் தடுமாற வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நாலாம் நாள் வந்து படத்தைப் பார்க்கிறேன், அதில் நான் காருக்குள் இருந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மாத்தளைக்காரர் கிளம்பிப் போனார்.

அந்த மூன்று நாளும் வீட்டில் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமாகூட என் கண்ணைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அம்மா வைத்த அடி அன்றைக்கே மறந்துபோயிற்று.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டு ஜன்னலோரம் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். என் முடி ஒரு பிடிகூட இருக்காது. ஆனால் அவள் வாரிக்கொண்டே இருந்தாள். கீழே ஒரு கார் போயிற்று. அது என்ன கார் என்று அவள் சொல்லவில்லை.

"நெசமாவே நீ திருப்பலையாடி?" என்று கேட்டாள்.

"மறந்துட்டேன்க்கா" என்றேன். இரண்டு நாளாக எல்லாரும் சொன்னதில் எனக்கே அது நிச்சயமாகிவிட்டிருந்தது.

"நல்லா ஞாபகமிருக்கா?"

"மறந்துட்டேன்க்கா. மன்னிச்சுருக்கா."

கொஞ்ச நேரம் கழித்து மூன்றாம் தடவையும் கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன். அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு என் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தலை ஈரமாகியது. நான் அடி வாங்கியதற்காக அழுகிறாள் என்று நினைத்து, எனக்கு இப்போது வலிக்கவில்லை என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

நாலாம் நாள் படம் வந்தது. மாத்தளைக்காரர் டாக்டரின் காருக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். கார்ச் சக்கரம் அவர் வயிற்றுக்குள்ளே தெரிந்தது. கார்க் கதவின் மேலே கதிரையின் நாலு காலும், அவருடைய செருப்புக் காலும் தொங்கிக்கொண்டிருந்தன. முதலில் அவர்தான் சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு அப்பா, கணக்கப்பிள்ளை, எல்லாரும். மாமா மட்டும் சிரிக்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தை மாத்தளைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போய், சட்டம் போட்டுத் தம் கடையில் மாட்டினார். சாகும்வரை அவர் சொந்தக் கார் வாங்கவில்லை. அந்தப் படத்திலேயே திருப்தியாகிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அக்காவை ஸ்டூடியோவில் வைத்தே வேறு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். தாத்தா தலையசைத்தார். வைகாசியில் கல்யாணம். கல்யாணப் பந்தியிலேயே மாப்பிள்ளை, "சின்னவளே, சாவியத் திருப்பினியா?" என்று கேட்டு இலைக்கு இலை சிரிப்பைக் கிளப்பினார். மாமா அதற்குப் பிறகு என்னைப் பெட்டியைத் தொட விடவில்லை. அவரும் அதிக நாள் படம் எடுக்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் பெட்டி பரண் ஏறிவிட்டது.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் மாத்தளைக்குப் போயிருந்தேன். மாமா இந்தியாவில் காலமாகிவிட்டார் என்று கடிதம் வந்திருந்தது. அக்காவும் நானும் அவள் அறையில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வேட்டியோடு ரோட்டில் படுத்த கதையை நான் சொல்ல, அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சட்டென்று எழுந்து அலுமாரியைத் திறந்து, சேலைத் தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கி, ஒரு சின்னப் படத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

நெருப்பில் சுருண்டு கறுத்ததை நான் கண்ணால் பார்த்த படம் அது.

"பிலிம் மாமாகிட்டதானே இருந்துச்சு. கல்யாணத்துக்கு அவரு குடுத்த சீர் இது" என்றாள்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கார். தொப்பி போட்ட டிரைவர். அக்காவின் முகம். இலைகள் முகத்தில் இல்லை. கார்க் கண்ணாடியில் இருந்தன. மரத்தின் நிழல் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. சிறுமியாக இருந்தபோது நான் பார்க்காத ஒன்றையும் இப்போது பார்த்தேன். அக்காவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. மாவுச் சல்லடையைப் பிடிக்க மாமா சொல்லிக் கொடுத்த அதே பிடி.

படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்காவின் தோள்வரை தெரிகிறது. அதற்குக் கீழே கார்க் கதவு, பளபளவென்று, முழுசாக. மாத்தளைக்காரரின் படத்தில் தொங்கியதே, அந்த மாதிரி ஒரு காலையும் காணோம்.

"கதிரை எங்கக்கா?" என்றேன்.

"என்ன கதிரை? அன்னிக்குக் காலையில முத்தத்துல ஒரே பனி. அந்தப் படம் வரவே இல்ல." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சே நிமிஷம்டி. ஒரு தடவ உக்காந்து பாத்துடுறேன் மாமான்னு நான்தான் கெஞ்சினேன். எஞ்சின்கூட ஓடல. ரெண்டு பிரதி போட்டு ஒண்ண டிரைவருக்கும் ஒண்ண எனக்கும் ரகசியமாக் குடுக்கிறேன்னாரு. ஸ்டூடியோக்காரரு நேரா கடைக்கே கொண்டுவந்துருவாருன்னு யாரு கண்டா? நீ சாவிய நல்லாத்தாண்டி திருப்பின."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நாற்பது வருஷக் கோபம். மறதிக்காரி என்று நானே என்னை நம்பி, ஒவ்வொரு பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்து, பெற்ற பிள்ளைகள் சிரிக்க நின்ற அத்தனை வருஷமும் ஒன்றாக முன்னால் வந்து நின்றது. ஒன்பது வயதுப் பிள்ளையின் தோளைப் பிடித்து அவள் கண்ணால் பார்த்ததைப் பொய்யாக்கிய அந்த மனிதர் செத்துப்போய்விட்டார். இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"தல வாரிவிட்டப்போ உங்கிட்ட மூணு தடவ கேட்டேனே, ஞாபகமிருக்கா?" என்றாள் அக்கா. "திருப்பினேன்னு ஒரு தடவ சொல்லியிருந்தீனா, நேரா எறங்கிப் போயி அப்பாகிட்ட உண்மையச் சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் உக்காந்திருந்தேன். நீ மறந்துட்டேன் மறந்துட்டேன்னே சொன்ன."

"சொல்லியிருந்தா?"

"கல்யாணம் நின்னிருக்கும்."

அதைச் சொன்ன குரலில் இருந்தது நிம்மதியா, ஏக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சேலை ஓரத்துக்குக் கீழே அவளுடைய வலது கால் மெல்ல அழுத்தி மெல்ல எழுந்தது. அவள் என்னிடம் கேட்டதுதான் அந்த வீட்டில் ஒருவர் கேட்ட உண்மையான கேள்வி. எனக்கு வலிக்கவில்லை என்று அவளைத் தேற்றிவிட்டு விளையாடப் போனவள் நான்.

முன்னறையிலிருந்து அத்தான் இருமுகிற சத்தம் கேட்டது. நல்ல மனிதர், அக்காவை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. எப்போதும் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

"என்ன சின்னவளே, சாவியத் திருப்பினியா?"

அக்கா என் கையை விட்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. நான் படத்தை அவள் மடியில் வைத்தேன்.

"திருப்பினேன் அத்தான்" என்றேன்.

அவர் முன்னறையில் கடகடவென்று சிரித்தார்.